க்ரான் ஜாப் 600, ஆட்டோசிஸுக்கு மாற்ற வேண்டும்: அப்படியே இறக்கலாமா?

இரவுஷிஃப்ட்:

எங்களுடையது ஒரு நடுத்தர நிதி நிறுவனம். இருசக்கர வாகனக் கடன், அதன் வசூல், இதுதான் தொழில். லினக்ஸ் சர்வர் நாற்பதுக்கு மேல், விண்டோஸ் பத்துப் பன்னிரண்டு. பல வருடமாக யார் யாரோ வந்து க்ரானிலும் (லினக்ஸில் குறித்த நேரத்துக்கு வேலையை ஓட்டுவது) டாஸ்க் ஷெட்யூலரிலும் (விண்டோஸில் அதே மாதிரி) போட்டுவிட்டுப் போன ஜாப்கள் 600க்குக் குறையாது. எது முடிந்த பிறகு எது ஓட வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஒரு மணிக்கு எக்ஸ்ட்ராக்ட் (தரவை ஃபைலாக எடுப்பது), இரண்டு மணிக்கு லோடு (அதை ஏற்றுவது), மூன்றரைக்கு ரிப்போர்ட் என்று நடுவில் இடைவெளி விட்டு ஓட்டுகிறார்கள். மாதக் கடைசியில் எக்ஸ்ட்ராக்ட் இரண்டே கால் வரை இழுத்தால் லோடு பாதி ஃபைலை எடுத்துக்கொண்டு போகும், காலையில் கிளைகளிலிருந்து போன் வரும்.

இப்போது மேலிடம் எல்லா சர்வர் ஜாபையும் ஒரே இடத்திலிருந்து ஓட்ட ஆட்டோசிஸ் என்ற ஷெட்யூலர் மென்பொருளை வாங்கியிருக்கிறது. நிறுவிக் கொடுத்தவர்கள், க்ரான்டேபை, அதாவது க்ரான் ஜாப் பட்டியலைப் படித்து ஜில் ஃபைலாக (ஆட்டோசிஸுக்கு ஜாபை எழுதிக் கொடுக்கும் வடிவம்) மாற்றும் ஸ்கிரிப்ட் தங்களிடம் இருக்கிறது, ஒரு வார இறுதியில் எல்லாம் உள்ளே வந்துவிடும் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை, ஆனால் எங்கே உடையும் என்று குறிப்பாகச் சொல்லவும் தெரியவில்லை. மேனேஜர் கேட்பது ஒன்றுதான்: உள்ளதை உள்ளபடி இறக்கிவிட்டுப் பிறகு சரி செய்வதா, சுத்தம் செய்துவிட்டு இறக்குவதா? இந்த வேலையைச் செய்து முடித்தவர்கள் சொல்லுங்கள். கன்ட்ரோல்-எம், டிவோலி என்று வேறு எந்த ஷெட்யூலரில் செய்திருந்தாலும் சரி.

பழையயூனிக்ஸ்:

உள்ளபடி இறக்குங்கள், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், "உள்ளது" எது என்கிற பட்டியலே உங்களிடம் முழுதாக இருக்காது என்று நினைக்கிறேன். 600 என்கிறீர்களே, அது ஒவ்வொரு யூசரின் க்ரான்டேபையும் எண்ணியதா, ரூட்டுடையதை மட்டுமா? யூசர் க்ரான்டேப் எல்லாம் ஸ்பூல் அடைவில் இருக்கும், அதை ரூட்டாக இருந்து மொத்தமாக எடுக்கலாம். அது போக இடிசி அடைவில் தனியாக ஒரு க்ரான்டேப், பக்கத்தில் க்ரான்.டி என்று ஓர் அடைவு. இந்த இரண்டிலும் நேரத்துக்கான ஐந்து புலங்களுக்கு (நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை) பிறகு ஆறாவதாக யூசர் பெயர் வரும். ஐந்து புலம் என்று நினைத்துப் படிக்கிற ஸ்கிரிப்ட் அந்தப் பெயரையே கட்டளையின் முதல் சொல்லாக எடுத்துக்கொள்ளும். உங்களுக்குக் கொடுக்கப் போகிற ஸ்கிரிப்டை முதலில் இதில் சோதித்துப் பாருங்கள், அதன் தரம் உடனே தெரிந்துவிடும்.

இன்னும் இருக்கிறது. தினசரி, வாராந்தர அடைவுகளில் போட்ட ஸ்கிரிப்ட்கள், அனாக்ரான் (சர்வர் நின்றிருந்ததால் தவறிய ஜாபைப் பிறகு ஓட்டுவது), யாரோ ஒருமுறைக்கு என்று அட் கட்டளையில் போட்டு அது தன்னைத் தானே மறுபடி வரிசையில் சேர்த்துக்கொண்டே இருப்பது (சிரிக்காதீர்கள், பார்த்திருக்கிறேன்), புதிய சர்வர்களில் க்ரான் போலவே நேரத்துக்கு ஓட்டும் சிஸ்டம்டி டைமர். இதில் லாக் ரொட்டேட் மாதிரி இயங்குதளம் தனக்காகச் செய்துகொள்ளும் வேலைகளைத் தொடவே தொடாதீர்கள், அவை அங்கேயே கிடக்கட்டும். ரீபூட் ஆனதும் ஓடு என்று போட்டவையும் அப்படித்தான். அதற்கு நேரம் என்பதே கிடையாது, ஷெட்யூலருக்குள் கொண்டுவந்தால் அர்த்தம் மாறிவிடும். அதை ஒரு சர்வீஸாக எழுதிவிடுங்கள்.

அப்புறம் க்ரானின் சில குணங்கள். மாதத் தேதிப் புலமும் கிழமைப் புலமும் இரண்டுமே நிரப்பப்பட்டிருந்தால், இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். க்ரான் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும் என்று ஓட்டிவிடும். வங்கிகளுக்கு இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை விடுமுறை என்று 2015 செப்டம்பர் 1 முதல் வந்தது இல்லையா, அதற்காக "0 6 8-14 * 6" என்று எழுதி வைத்திருப்பவர்கள் நிறைய. அது இரண்டாவது சனிக்கிழமைக்கான வரி அல்ல. 8 முதல் 14 வரை எல்லா நாளும் ஓடும், அதற்கு மேல் மாதத்தின் எல்லாச் சனிக்கிழமையும் ஓடும். இதை மாற்றும் ஸ்கிரிப்ட் என்ன செய்யும்? க்ரானுக்கு விசுவாசமாக இருந்தால் இப்போது நடப்பதையே செய்யும், எழுதியவர் மனதில் இருந்ததைப் படித்தால் வேறு ஒன்றைச் செய்யும். இப்படிப்பட்ட வரி எத்தனை இருக்கிறது என்று தேடி எடுத்துத் தனியே வையுங்கள். அந்த ஜாபின் சொந்தக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் அல்ல.

% குறியும் அப்படி ஒரு வம்பு. க்ரான்டேபில் வெறும் % வந்தால் அங்கே வரி முறிந்து, மீதி எல்லாம் கட்டளைக்கு உள்ளீடாகப் போய்விடும். அதனால் தேதி போட்ட ஃபைல் பெயருக்கெல்லாம் அதற்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டிருப்பார்கள். க்ரான் அதை நீக்கிவிட்டுத்தான் ஷெல்லிடம் கொடுக்கும். ஆட்டோசிஸுக்கு அந்த வழக்கம் இல்லை. மேற்கோளுக்கு வெளியே இருந்தால் ஷெல்லே அதை விழுங்கிவிடும், ஒன்றும் தெரியாது. மேற்கோளுக்குள் இருந்தால் ஃபைல் பெயரில் பின்சாய்கோடு உட்கார்ந்துவிடும், ஜாப் பச்சையாகத்தான், அதாவது வெற்றி என்றுதான் முடியும், அடுத்த ஜாப் ஃபைலைக் காணோம் என்று நிற்கும்.

சூழல் மாறிகளைப் பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும். க்ரான் கொடுக்கும் பாத் (கட்டளையைத் தேடும் அடைவுப் பட்டியல்) மிகக் குறுகியது, யூசர் லாகின் ஆகும்போது படிக்கிற புரொஃபைல் ஃபைலையும் படிக்காது. அதனால் க்ரான்டேபின் தலையிலேயே சிலர் மாறிகளை எழுதி வைத்திருப்பார்கள். அந்த வரிகள் அவற்றுக்குக் கீழே உள்ள எல்லா ஜாபுக்கும் சேர வேண்டியவை. வரிக்கு வரி மாற்றுகிற ஸ்கிரிப்ட் அவற்றைக் குறிப்பு மாதிரி தாண்டிவிடும். யூசர் வாரியாக அவற்றை ஒரு ஃபைலில் எழுதி ஜில்லின் புரொஃபைல் வரியில் கொடுத்துவிடுங்கள்.

ஏன் உள்ளபடி என்கிறேன் என்றால், ஒரே நேரத்தில் ஓட்டும் கருவியையும் மாற்றி ஜாபையும் மாற்றினால், உடைந்த அன்றைக்கு எதனால் உடைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜில்ஜில்:

மேலே சொன்னது க்ரான் பக்கம். நான் ஆட்டோசிஸ் பக்கத்தைச் சொல்கிறேன், பத்து வருடமாக இதே பிழைப்பு.

முதலில் சின்னச் சின்னவை. ஜில்லில் தொடக்க நேரம் எழுதினால் மட்டும் போதாது, தேதி நிபந்தனை உண்டு என்ற வரியும் வேண்டும். அது இல்லையென்றால் ஜாப் அழகாக உள்ளே வந்துவிடும், ஒருநாளும் ஓடாது, பிழையும் சொல்லாது. முக்காற்புள்ளிக்கு ஜில்லில் தனி அர்த்தம் உண்டு. நேரத்தையும் விண்டோஸ் டிரைவ் எழுத்தையும் மேற்கோளுக்குள் போடுங்கள். ஜாப் பெயரில் இடைவெளி கூடாது, 64 எழுத்துதான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று சுருக்கமாக எழுத வழியில்லை, நிமிடங்களை வரிசையாகப் பட்டியலிட வேண்டும். மாதம் பிறந்த 1ஆம் தேதி என்றால் காலண்டர் உருவாக்கி அதைச் சுட்ட வேண்டும். இதெல்லாம் ஸ்கிரிப்ட் செய்துவிடும், சாயங்காலத்துக்குள் முடிகிற வேலை.

ஆனால் நீங்கள் கேட்கிற எக்ஸ்ட்ராக்ட், லோடு, ரிப்போர்ட் விவகாரம் அப்படியில்லை. லோடு ஜாபில் "எக்ஸ்ட்ராக்ட் சக்சஸ் ஆனால்" என்று நிபந்தனை எழுதுவீர்கள், இரண்டு மணி என்ற நேரத்தையும் விட்டுவைப்பீர்கள். ஆட்டோசிஸ் என்ன பார்க்கும் தெரியுமா? எக்ஸ்ட்ராக்ட் ஜாபின் கடைசி நிலை என்ன என்பதை மட்டும். அது நேற்றைய சக்சஸா இன்றையதா என்று கேட்காது. ஏதோ காரணத்தால் இன்றைக்கு எக்ஸ்ட்ராக்ட் தொடங்கவே இல்லை என்று வையுங்கள், நேற்று முடித்த சக்சஸ் அப்படியே நிற்கும், இரண்டு மணிக்கு லோடு அதை நம்பிக் கிளம்பிவிடும். நேற்றைய ஃபைல் இன்னொரு தடவை ஏறும். உங்கள் தொழிலில் என்றால் ஒரே தவணை இரண்டு தடவை வரவு. க்ரானில் இருந்த அதே கோளாறு, ஆனால் இப்போது திரையில் எல்லாம் பச்சையாகத் தெரியும், அதுதான் இன்னும் மோசம்.

இதற்கு இரண்டு வழி. நிபந்தனையில் லுக்பேக் கொடுக்கலாம், கடந்த இத்தனை மணி நேரத்துக்குள் வந்த சக்சஸ் மட்டும் செல்லும் என்று. இல்லையென்றால் மூன்றையும் ஒரு பாக்ஸுக்குள் போடுங்கள். பாக்ஸ் தொடங்கும்போது உள்ளே இருக்கிற ஜாப்களின் பழைய நிலை அழிந்து, புதிதாகக் காத்திருக்கத் தொடங்கும். எனக்குப் பிடித்தது பாக்ஸ்தான். நேரத்தைப் பாக்ஸுக்கு மட்டும் கொடுத்துவிட்டு உள்ளே எல்லாவற்றிலும் நேரத்தை எடுத்துவிடுங்கள்.

பழையயூனிக்ஸ் ஐயா சொன்னதில் எனக்கு ஒரு திருத்தம் உண்டு. உள்ளபடி இறக்குவது சரி, ஆனால் எக்ஸிட் கோடை (ஜாப் முடியும்போது திருப்பும் எண், சுழியம் என்றால் வெற்றி) மட்டும் முன்னாலேயே பார்த்தாக வேண்டும். க்ரானுக்கு ஜாப் ஜெயித்ததா தோற்றதா என்ற கவலை கிடையாது, ஏதாவது அச்சடித்தால் மெயில் அனுப்பும், அவ்வளவுதான். ஆட்டோசிஸ் எக்ஸிட் கோடை வைத்துத்தான் எல்லா முடிவும் எடுக்கும். உங்கள் ஸ்கிரிப்ட்களில் பாதிக்கு மேல் கடைசி வரி "முடிந்தது" என்று அச்சடிப்பதாக இருக்கும், நடுவில் என்ன உடைந்தாலும் அந்தக் கடைசி வரி சுழியம் திருப்பும். வெளியீட்டை டீ கட்டளை வழியாக லாகுக்கு அனுப்புவதும் அப்படித்தான், முன்னால் இருக்கிற கட்டளை தோற்றாலும் டீ ஜெயித்துவிடும். பேஷ் என்றால் பைப்ஃபெயில் என்ற அமைப்பை இயக்குங்கள். நோஹப் போட்டுப் பின்னணியில் தள்ளிவிட்டுத் திரும்புகிற ஸ்கிரிப்ட் என்றால் ஒரு நொடியில் சக்சஸ், உண்மையான வேலை அப்போதுதான் ஆரம்பித்திருக்கும். எது முடிந்து எது என்ற சார்பு எழுதப் போகிற ஜாப்களில் மட்டுமாவது இதைச் சரி செய்த பிறகே இறக்குங்கள்.

இரவுஷிஃப்ட்:

இரண்டு பேருக்கும் நன்றி. லுக்பேக் விஷயம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் வாயிலேயே வரவில்லை. ஸ்பூல் அடைவை முழுதாக எடுத்துப் பார்த்தேன், பட்டியல் 600லிருந்து 800க்குப் பக்கம் போய்விட்டது. வேலையை விட்டுப் போனவர்கள் யூசரில் இன்னும் ஜாப் ஓடிக்கொண்டிருக்கிறது.

விண்டோஸ் பக்கம் எப்படி? டாஸ்க்கை எக்ஸ்எம்எல்லாக எக்ஸ்போர்ட் செய்து மாற்றலாம் என்கிறார்கள். எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸின் சொந்த ஷெட்யூலரான ஏஜென்ட்டிலும் கொஞ்சம் இருக்கிறது.

சி_டிரைவ்:

விண்டோஸ் கேள்வி வந்துவிட்டதா, சரி. எக்ஸ்எம்எல் எக்ஸ்போர்ட் நன்றாகவே வரும், பவர்ஷெல்லில் மொத்தமாக எடுக்கலாம். ஃபைல் யூடிஎஃப்-16இல் இருக்கும், லினக்ஸில் உட்கார்ந்து படிக்கப் போனால் குப்பையாகத் தெரியும், பயப்பட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் என்ற கிளைக்குள் இருப்பவை எல்லாம் விண்டோஸுடைய சொந்த வேலைகள், அதை வடிகட்டிவிட்டால் உங்களுடையது கொஞ்சமாகத்தான் மிஞ்சும்.

வராதது பாஸ்வேர்ட். எந்த எக்ஸ்போர்ட்டிலும் வராது, வரவும் கூடாது. ஒவ்வொரு சர்வீஸ் கணக்குக்கும் பாஸ்வேர்டை வாங்கி ஆட்டோசிஸில் தனியாகப் பதிய வேண்டும். யாரிடமும் அந்தப் பாஸ்வேர்ட் இருக்காது என்பதுதான் உண்மை நிலை, மாற்றினால் அதே கணக்கை வைத்திருக்கிற வேறு எது நிற்கும் என்றும் யாருக்கும் தெரியாது. உங்கள் கால அட்டவணையில் பெரிய ஓட்டை இங்கேதான் விழும், இன்றைக்கே டிக்கெட் போட்டு வைத்துவிடுங்கள்.

"ஸ்டார்ட் இன்" என்று ஒரு கட்டம் இருக்கும், எந்த அடைவில் நின்று ஓட வேண்டும் என்று. அது எக்ஸ்எம்எல்லில் தனிப் புலம், மாற்றும்போது விட்டுப்போனால் பேட்ச் ஃபைல் தன் பக்கத்தில் இருக்கிற கான்ஃபிக்கைத் தேடித் தேடித் தோற்கும். யாராவது தன் லாகினில் மேப் செய்து வைத்த டிரைவ் எழுத்தை ஸ்கிரிப்டில் எழுதியிருந்தால் ஆட்டோசிஸ் ஏஜென்ட் வழியாக ஓடும்போது அந்த டிரைவே இருக்காது, முழு நெட்வொர்க் பாதையை எழுத வேண்டும். ஒரே டாஸ்க்குக்கு இரண்டு மூன்று டிரிக்கர் இருக்கலாம், ஈவென்ட் லாகில் ஒன்று வந்தால் ஓடு என்றும் இருக்கலாம். நேரம் இல்லாத டிரிக்கரை அங்கேயே விட்டுவிடுங்கள். டாஸ்க் ஷெட்யூலரில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு இயல்பு உண்டு: 72 மணி நேரத்துக்கு மேல் ஓடினால் நிறுத்திவிடும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் இன்னொன்றைத் தொடங்காது. க்ரான் இதற்கு நேர் எதிர், பழையது முடிந்ததா என்று பார்க்கவே பார்க்காது.

விண்டோஸில் ஃபைல் நகலெடுக்கிற ரோபோகாப்பி கட்டளையைப் பயன்படுத்துகிறீர்களா? பயன்படுத்தாத கடையே கிடையாது. ஃபைலை வெற்றிகரமாக நகலெடுத்தால் அது 1 திருப்பும், சுழியம் அல்ல. 0 முதல் 7 வரை எல்லாம் நல்ல செய்தி, 8லிருந்துதான் தோல்வி. ஆட்டோசிஸ் இயல்பாகச் சுழியத்தை மட்டும்தான் சக்சஸ் என்று ஏற்கும், ஆகவே முதல் ராத்திரியே நகல் ஜாப் அத்தனையும் சிவப்பாகிவிடும். அந்த ஜாப்களுக்கு மட்டும் அதிகபட்ச சக்சஸ் கோட் 7 என்று ஜில்லில் எழுதுங்கள். எல்லா ஜாபுக்கும் பொதுவாக எழுதிவிடாதீர்கள், மற்ற ப்ரோகிராம்களுக்கு 1 என்றால் தோல்விதான்.

எஸ்க்யூஎல் ஏஜென்ட்டில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வெளியிலிருந்து "ஸ்டார்ட் ஜாப்" ப்ரொசீஜரைக் கூப்பிடுவது சுலபமாகத் தோன்றும். அது தொடங்கி வைத்த உடனே திரும்பிவிடும், முடியும் வரை காத்திருக்காது. ஜில்ஜில் சொன்ன நோஹப் கதைதான் இதுவும். ஒன்று, முடிந்ததா என்று சுற்றிச் சுற்றிக் கேட்கிற ஒரு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். இல்லையென்றால் உள்ளே இருக்கிற படிகளை வெளியே எடுத்துத் தனித்தனி ஜாபாக வையுங்கள்.

நாற்பதுமூட்டை:

எல்லோரும் உள்ளபடி உள்ளபடி என்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கன்ட்ரோல்-எம்முக்கு மாற்றிய குழுவில் இருந்தேன். அதற்கென்று அதை விற்கும் பிஎம்சி நிறுவனமே ஒரு மாற்றும் கருவி வைத்திருக்கிறது, க்ரான், டாஸ்க் ஷெட்யூலர், ஆட்டோசிஸ் எல்லாவற்றையும் படிக்கும், நன்றாகவும் படிக்கும். வீடு மாறும்போது பழைய செய்தித்தாள் கட்டையும் லாரியில் ஏற்றுகிற கதைதான் நடந்தது. யாருக்கும் வேண்டாத ஜாபெல்லாம் புது ஷெட்யூலரில் பெயரும் நிறமும் பெற்று, தோற்றால் நள்ளிரவில் ஆளை எழுப்புகிற தகுதியும் பெற்றுவிட்டது.

இவர் கடன் வசூல் நிறுவனம் என்கிறார், அதையே எடுத்துக்கொள்வோம். 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் (வங்கிக் கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் முறை) எல்லா நாளும் ஓடுகிறது, ஞாயிறு, விடுமுறை என்றெல்லாம் இல்லை. அதற்கு முன்னால் வங்கி வேலை நாளில் மட்டும்தான். அந்தக் காலத்தில் எழுதிய ஜாப்கள், ஞாயிற்றுக்கிழமை தவணையைத் திங்களுக்குத் தள்ளுவது, விடுமுறைப் பட்டியலைப் பார்த்துவிட்டு நிற்பது என்று எத்தனை இருக்கும்? வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் முறைகளில் நெஃப்ட் 2019 டிசம்பர் 16லிருந்து 24 மணி நேரமும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் 14லிருந்து. பழைய வேலை நேரத்தை மனதில் வைத்து "இத்தனை மணிக்குள் முடியாவிட்டால் நாளைக்கு" என்று சுற்றுகிற ஜாப் உங்கள் பட்டியலில் ஒன்றாவது இருக்கும். அதையும் உள்ளபடி இறக்குவீர்களா?

பழையயூனிக்ஸ்:

ஓடுகிற ஜாபை நிறுத்துவதற்கும் மாற்றி எழுதுவதற்கும் வித்தியாசம் உண்டு, நாற்பதுமூட்டை. நிறுத்த வேண்டியதை இப்போதே க்ரானிலேயே நிறுத்துங்கள். வரியின் முன்னால் ஒரு குறி போட்டு, தேதியும் காரணமும் எழுதி, ஒரு மாதக் கடைசியைத் தாண்டவிடுங்கள். முடிந்தால் ஒரு காலாண்டையும். யாரும் கத்தவில்லையென்றால் அதை இறக்கவே வேண்டாம். அதற்குப் புது ஷெட்யூலர் எதற்கு? ஆனால் நாச் ஜாபைப் புது வாரநாள் கணக்கோடு எழுதி, அதை ஆட்டோசிஸுக்கும் மாற்றி, இரண்டையும் ஒரே சனிக்கிழமை ராத்திரி செய்யாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

நாற்பதுமூட்டை:

அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்று சேர்க்க வேண்டும், திரும்பிப் போகிற வழி. 2012 ஜூனில் பிரிட்டனில் ஆர்பிஎஸ், நாட்வெஸ்ட், அல்ஸ்டர் வங்கிகளில் நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பேட்ச் ஷெட்யூலர் மென்பொருளை மேம்படுத்தினார்கள், சிக்கல் என்று தெரிந்ததும் பழையதற்குத் திரும்பினார்கள். அந்தத் திரும்புதலால் என்ன ஆகும் என்று சோதிக்காமலே செய்ததுதான் பெரிய அடி. 65 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மேல் பாதிப்பு, சம்பளம் ஏறவில்லை, இருப்புக் காட்டவில்லை. 2014 நவம்பரில் இரண்டு கண்காணிப்பு அமைப்புகளும் சேர்ந்து போட்ட அபராதம் 5.6 கோடி பவுண்டு. நம் கடை அவ்வளவு பெரிதில்லை, சரி. ஆனால் எந்த ஜாபைப் பாதியில் திருப்பினால் இரண்டு தடவை ஓடும் என்று ஒரு தாளில் எழுதி வைக்காமல் தொடங்காதீர்கள்.

இரவுஷிஃப்ட்:

இன்னும் இரண்டு விஷயத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். கிளவுடில் இருக்கிற சர்வர்கள் யூடிசி நேரத்தில் (உலகப் பொது நேரம், நமக்கு ஐந்தரை மணி பின்னால்) இருக்கின்றன, மற்றவை இந்திய நேரத்தில். மாற்றும் ஸ்கிரிப்ட் மணியை மட்டும் ஐந்தரை கூட்டிவிட்டு, "30 20 * * 1-5" என்பதைத் திங்கள் முதல் வெள்ளி அதிகாலை 2 மணி என்று ஆக்கியிருக்கிறது. அது செவ்வாய் முதல் சனி ஆக வேண்டும் இல்லையா?

இன்னொன்று, மாதக் கடைசி நாள் ஜாப்கள். தினமும் தொடங்கி, நாளைய தேதி 01 ஆக இருந்தால் மட்டும் ஸ்கிரிப்டைக் கூப்பிடு என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள். சோதனைக்கு ஆட்டோசிஸில் போட்டுப் பார்த்தால் தினமும் தோல்வி என்று காட்டுகிறது. க்ரானில் வருடக் கணக்கில் ஒழுங்காக ஓடியது.

ஜில்ஜில்:

செவ்வாய் முதல் சனிதான், சரியாகப் பிடித்தீர்கள். முதல் கட்டத்தில் நேரத்தை மாற்றவே மாற்றாதீர்கள். ஜில்லில் ஜாபுக்கு ஜாப் டைம்ஸோன் கொடுக்கலாம், யூடிசி சர்வரிலிருந்து வந்ததற்கு யூடிசி என்றே கொடுத்துவிட்டுப் பழைய எண்களை அப்படியே வையுங்கள். எல்லாம் நிலைத்த பிறகு காலண்டரோடு சேர்த்து இந்திய நேரத்துக்குக் கொண்டுவரலாம். வங்கி விடுமுறைக் காலண்டர் எப்படியும் இந்தியத் தேதியில்தான் இருக்கும், அதைச் சுட்டுகிற ஜாப்கள் மட்டும் விதிவிலக்கு, அவற்றைக் கையால் பாருங்கள்.

மாதக் கடைசி ஜாப் க்ரானிலும் தினமும் தோல்விதான், அங்கே கேட்க ஆள் இல்லை. தேதிச் சோதனை பொய்யானால் அந்த வரி முழுவதுமே 1 திருப்பும், ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை என்றாலும். இப்போதைக்கு அதையே "இஃப்" வாக்கியமாகப் பிரித்து எழுதுங்கள், பொய்யானால் சுழியம் திருப்பும். ஆனால் இதற்குப் பின்னால் வேறு ஜாப் சக்சஸ் நிபந்தனையோடு காத்திருந்தால் அப்படிச் செய்யக் கூடாது, ஏனென்றால் ஓடாத நாளிலும் சக்சஸ் என்றுதான் வரும், பின்னால் இருப்பது கிளம்பிவிடும். அந்த மாதிரி ஜாபுக்கு மாதக் கடைசிக் காலண்டர்தான் வழி, சோதனை வரியை எடுத்துவிடுங்கள்.

இறக்கும்போது எந்த நிலையில் இறக்கப் போகிறீர்கள்?

இரவுஷிஃப்ட்:

எல்லாவற்றையும் ஹோல்டில், அதாவது நிறுத்தி வைத்த நிலையில் இறக்கிவிட்டு, பகலில் ஒவ்வொரு குழுவாக ஹோல்டை எடுக்கலாம் என்று நினைத்தோம்.

ஜில்ஜில்:

ஐயோ வேண்டாம். ஹோல்டில் இருக்கும்போது அதன் நேரம் தாண்டிப் போயிருந்தால், ஹோல்டை எடுத்த நொடியே ஓடிவிடும். காலை 11 மணிக்கு எடுத்தீர்கள் என்றால் ராத்திரி இரண்டு மணி லோடு அப்போதே கிளம்பும், அது ஏற்கெனவே க்ரானில் ஓடி முடித்திருக்கும். ஐஸ் என்று இன்னொரு நிலை உண்டு, அதில் இறக்குங்கள். ஐஸை எடுத்தால் அடுத்த முறை நேரம் வரும் வரைக்கும் சும்மா இருக்கும். ஐஸில் இருக்கிற ஜாபை அதன் பின்னால் இருப்பவை முடிந்ததாகவே எடுத்துக்கொள்ளும், அதனால் ஒரு சங்கிலி முழுவதையும் ஒன்றாகத்தான் ஐஸிலிருந்து எடுக்க வேண்டும், பாதியை எடுத்துப் பாதியை விடக் கூடாது. எடுக்கிற அதே சமயத்தில் க்ரான் வரியின் முன்னால் குறி போட்டுவிடுங்கள், அழிக்காதீர்கள். இரண்டும் ஒருவர் கையிலேயே இருக்கட்டும்.

முதல் குழுவாக வசூலைத் தொடாதீர்கள். லாக் துடைப்பது, டிஸ்க் அளவு பார்ப்பது மாதிரி இரண்டு தடவை ஓடினாலும் யாருக்கும் வலிக்காதவை முதலில். ஒரு வாரம் க்ரான் லாகில் முன்பு ஓடிய நேரத்தையும் ஆட்டோசிஸ் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய க்ரான் லாகில் தொடங்கிய நேரம் மட்டும்தான் இருக்கும், முடிந்த நேரத்துக்கு அந்த ஜாப் கடைசியாக எழுதிய ஃபைலின் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சி_டிரைவ்:

விண்டோஸில் டாஸ்க்கை டிஸேபிள் செய்தால் போதும், அழிக்க வேண்டாம். மாதக் கடைசி வாரத்தில் எந்தக் குழுவையும் மாற்றாதீர்கள், மேனேஜர் எவ்வளவு சொன்னாலும்.

இரவுஷிஃப்ட்:

சரி, ஐஸ்தான். பாஸ்வேர்ட் டிக்கெட்டையும் போட்டாகிவிட்டது, எந்தக் கணக்கு யாருடையது என்று மூன்று டிபார்ட்மென்ட்டும் ஒன்றையொன்று கையைக் காட்டுகின்றன. பட்டியலில் இருந்த சனிக்கிழமை வரிகளைப் பிரித்து வசூல் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.